எந்தச் செடியோடு எந்தச் செடி சேரும்? மீன்தொட்டி வைக்கும் தேனிக்காரர்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்!

மீன்தொட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு நிஜச் செடி வைக்க ஆசைப்படுகிற ஒருவர் வழக்கமாக என்ன செய்வார்? கடைக்குப் போவார். பச்சையாக ஒன்று, சிவப்பாக ஒன்று, புல் மாதிரி ஒன்று, மிதக்கிறது ஒன்று என ஏழெட்டு வகையை ஒரே நாளில் வாங்கி வந்து நடுவார். முதல் வாரம் தொட்டி ஜோராக இருக்கும். மூன்றாவது வாரம் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிக் கரையும். இரண்டாவது மாதம் ஒரே ஒரு செடி மட்டும் தொட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும், மற்றதெல்லாம் போயிருக்கும். 'நமக்கு ராசி இல்லை' என்று தொட்டியைக் காலி பண்ணி, மிச்சச் செடியை வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்துவிடுவார்.

இந்தக் கதையில் இரண்டு தப்பு இருக்கிறது. முதல் தப்பு, சேராத செடிகளைச் சேர்த்தது. அதில் நஷ்டம் சில நூறு ரூபாய். இரண்டாவது தப்பு, மிச்சத்தை வாய்க்காலில் கொட்டியது. அதன் விலை வேறு. குறிப்பாக, கம்பம் பள்ளத்தாக்கில்.

'ஒத்துப்போறது' என்றால் என்ன?

செடிக்குச் செடி பகை என்று ஏதோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சில நீர்த்தாவரங்கள் மற்ற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள்களை வெளியிடுவது உண்மைதான். ஆனால், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் அது இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒரே தண்ணீரில், ஒரே வெளிச்சத்தில், ஒரே வெப்பநிலையில் இந்தச் செடிகள் எல்லாம் வாழ முடியுமா? சாப்பாட்டுக்கு ஒன்றோடு ஒன்று முட்டி மோதாமல் இருக்குமா? இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அவை ஒத்துப்போகும் செடிகள். அவ்வளவுதான்.

செடிக்கு முக்கியமான சாப்பாடு கார்பன். காற்றில் வளரும் செடிக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. தண்ணீருக்குள் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக அது இன்னும் குறையும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தொட்டி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் கேள்வி: வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது?

செடி வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது குழாயை. மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் பொதுவாக மென்மையானது, உப்பு குறைவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் அது கடின நீர். கடினத்தன்மை பார்க்கும் சோதனைப் பட்டைகளும் கடைகளில் கிடைக்கின்றன. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது கரைந்திருக்கும் மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று சொல்லாது.

இது ஏன் முக்கியம்? கடின நீரில் கார்பனின் பெரும்பகுதி பைகார்பனேட் வடிவத்தில் இருக்கிறது. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வார்ட் மாதிரியான செடிகளுக்கு அந்தப் பைகார்பனேட்டையே உடைத்துச் சாப்பிடத் தெரியும். பாசி இனமான ஜாவா மாஸுக்குத் தெரியாது. கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் அதற்குச் சாப்பாடு. மென்மையான நீரில் வளரும் சிவப்பு ரொட்டாலாவும் அதை நம்பித்தான் இருக்கிறது.

இப்போது இவை எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைத்து, பளீரென்று விளக்கும் போட்டால்? வேகமாக வளரும் வாலிஸ்னேரியா முதலில் கரைந்திருக்கும் கார்பனைக் காலி பண்ணும். அப்புறம் பைகார்பனேட்டில் கை வைக்கும். தண்ணீரின் பிஹெச் ஏறும். பிஹெச் ஏற ஏற, மற்ற செடிகளுக்கு எடுக்கக்கூடிய கார்பன் மிச்சம் இருக்காது. பந்தியில் ஒருத்தரே அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட கதைதான். ரொட்டாலா கரைந்தது ராசியால் இல்லை, பட்டினியால்!

மூன்று கூட்டணிகள்

அப்படியானால் எதை எதோடு வைக்கலாம்? எளிதாக மூன்று கூட்டணிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

*நிதானக் கூட்டணி:* அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகோரைன். நான்குமே மெதுவாக வளர்பவை. குறைந்த வெளிச்சம் போதும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டாம். ஒருவருக்கொருவர் அவசரமே இல்லாததால் சண்டையும் இல்லை. அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணுக்குள் நடக் கூடாது. கிழங்கு மாதிரி படுத்திருக்கும் தண்டு புதைந்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். கிரிப்டோகோரைன் மட்டும் வேர் வழியாகச் சாப்பிடும், அதை மண்ணில் நடலாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் சரியான இடம்.

*கடின நீர்க் கூட்டணி:* வாலிஸ்னேரியா, ஹார்ன்வார்ட், ஹைக்ரோஃபிலா, நீர்ப்பிரமி. ஆமாம், ஞாபக சக்திக்கு என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அதே நீர்ப்பிரமிதான். மீன்தொட்டி உலகில் 'பகோப்பா' என்ற பெயரில் விற்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு இந்தக் கூட்டணி பொருந்தும். வேகமாக வளர்வதால் மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரஜனை நன்றாக உறிஞ்சும். ஆனால் வாரா வாரம் கத்தரி எடுத்தே ஆக வேண்டும்.

*சிவப்புக் கூட்டணி:* ரொட்டாலா வகைகள், லிம்னோஃபிலா, லுட்விஜியா. படங்களில் பார்த்து ஆசைப்படுவது இந்தத் தொட்டிகளைத்தான். இவற்றுக்கு மென்மையான நீர், நல்ல வெளிச்சம், சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு, திரவ உரம் எல்லாம் வேண்டும். கடின நீர் உள்ளவர்கள் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து மென்மையாக்கலாம். கார்பன் டை ஆக்சைடு கூடினால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால் விளக்கு அணையும்போது சிலிண்டரையும் மூடிவிட வேண்டும். செலவும் கவனிப்பும் அதிகம். முதல் தொட்டியாக இதை ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரு கூட்டணிக்குள் கலக்கலாம். கூட்டணி தாண்டிக் கலக்கும்போதுதான் சிக்கல். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு மூன்று அல்லது நான்கு வகை தாராளம். ஒவ்வொன்றிலும் ஒரு தண்டு வாங்குவதைவிட, வகைகளைக் குறைத்துக் கொத்துக் கொத்தாக நடுவது நல்லது. முதல் நாளே செடிகள் நெருக்கமாக இருந்தால் பாசி பிடிக்க இடம் கிடைக்காது. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

யாரை யாரோடு சேர்க்கக் கூடாது?

வாலிஸ்னேரியா மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டுத் தொட்டி முழுக்கப் பரவும். அதன் நீள இலைகள் மேலே படுத்து வெளிச்சத்தை மறைக்கும். முன்பக்கம் குட்டையான செடி வைத்திருந்தால் அது காலி. வாலிஸ்னேரியா உள்ள தொட்டியில் 'திரவ கார்பன்' என்று விற்கும் மருந்தையும் ஊற்றக் கூடாது, இலைகள் கரைந்துவிடும்.

அமேசான் ஸ்வார்டு சின்னதாக இருக்கும்போது அழகு. வளர்ந்தால் இரண்டடித் தொட்டிக்கு ஒன்றே அதிகம். சிவப்பு ரொட்டாலாவுக்குப் போடும் பளீர் வெளிச்சத்தில் அனுபியாஸை வைத்தால், அதன் மெதுவான இலைகள்மேல் பாசி படரும். மேலே மிதக்கும் செடிகளை வளரவிட்டால், கீழே இருக்கும் செடிகளுக்கு இருட்டு. கோல்டு ஃபிஷ் இருக்கும் தொட்டியில் மென்மையான இலைச் செடிகள் அதற்குத் தீனி. தடித்த இலை உள்ள அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஓரளவு தப்பிக்கும். 'லக்கி பாம்பூ' நீர்த்தாவரமே இல்லை. முழுக்க மூழ்கடித்தால் அழுகும்.

இன்னொரு விஷயம். பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். தொட்டியில் மூழ்கியதும் பழைய இலைகள் உதிர்ந்து, தண்ணீருக்கேற்ற புது இலைகள் வரும். கிரிப்டோகோரைன் இடம் மாற்றினாலே மொத்தமாக இலை கரைந்து, பின்பு வேரிலிருந்து துளிர்க்கும். இது சாவு இல்லை. செத்துப்போச்சு என்று பிடுங்கி எறிய வேண்டாம், சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி: வெளியே போனால் என்ன ஆகும்?

இதுவரை சொன்னது தொட்டிக்குள் நடப்பது. ஒத்துப்போகும் செடிகள் பற்றி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். தேனி மாவட்டத்தில் இதோடு முடிக்கக் கூடாது. ஏன்?

1895 முதல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் தயாரித்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி வழியாக ஓடி, வைகையில் கலந்து, வைகை அணைக்குப் போகிறது. வழியில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள். 18-ம் கால்வாய், பி.டி.ஆர். கால்வாய் எனக் கிளைகள். அணையைத் தாண்டினால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம். ஐந்து மாவட்டங்களின் விவசாயமும் குடிநீரும் இந்த ஒற்றை ஓட்டத்தில் தொங்குகிறது. கம்பத்தில் ஒரு வாய்க்காலில் விழும் செடித்துண்டுக்கு, கீழே போக வழி திறந்தே கிடக்கிறது.

செடித்துண்டு என்ன செய்யும் என்பதற்கு மதுரையில் வைகையைப் பார்த்தாலே போதும். ஆற்றை மூடிக் கிடக்கும் ஆகாயத் தாமரை, சில ஊர்களில் வெங்காயத் தாமரை, தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. ஊதாப் பூவின் அழகுக்காகத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்டது. சாதகமான சூழலில் இரண்டே வாரங்களில் இரு மடங்காகும். ஜேசிபி வைத்து அள்ளுகிறார்கள், மறுபடி வருகிறது. இன்றும் வீட்டுத் தொட்டிக்கு, மாடித் தோட்டத் தொட்டிக்கு என்று அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கேரளத்தில் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று அழைக்கப்படும் சால்வினியா, உண்மையில் பிரேசில் நாட்டுக்காரி. வயல்களையும் காயல்களையும் மூடிய அதைக் கட்டுப்படுத்த, 1980-களில் அதைத் தின்னும் ஒரு குட்டி வண்டை இறக்குமதி செய்து விட வேண்டியிருந்தது. இரண்டாவது, 2020 நவம்பரில் சமூக வலைதளங்களில் வைரலான படம். கோழிக்கோடு மாவட்டம் ஆவளப் பாண்டியில் ஓடை முழுக்க இளஞ்சிவப்புப் பூக்கள். பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்திருந்தது கபோம்பா, தென் அமெரிக்கச் செடி, மீன்தொட்டிகளுக்காக விற்கப்படும் அதே செடி. ஒரு துண்டுத் தண்டு போதும், புதுச் செடி ஆகிவிடும். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் பூவைப் பறித்துக்கொண்டு போனது, அது இன்னும் பரவ வழிவிடும் என்று தாவரவியலாளர்கள் கவலைப்பட்டார்கள்.

'கைப்பிடிச் செடியால என்ன ஆயிடும்?'

நியாயமான கேள்விதான். கொட்டப்படும் எல்லாச் செடியும் பிழைப்பதில்லை. பெரும்பாலானவை செத்துவிடும். ஆனால், பிழைக்கிற ஒன்று போதும் என்பதுதான் பிரச்சினை.

இதற்கு உதாரணம் நம் பக்கத்துச் செடியே இருக்கிறது. ஹைட்ரில்லா பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் பயன்படுத்திய, நம் குளங்களில் சாதாரணமாக வளரும் செடி. 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. 1960-லேயே புளோரிடாவின் நீர்நிலைகளில் பதிவானது. ஏரிகளை அடைத்து, படகுப் போக்குவரத்தை நிறுத்தி, இன்றுவரை அதை அழிக்கப் பணம் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவைச் சேர்ந்த ஹைக்ரோஃபிலாவும் அதே வழியில் போய், அமெரிக்காவின் தீங்கு தரும் களைகள் பட்டியலில் இருக்கிறது. இங்கே சாதுவாக இருப்பது அங்கே வில்லன். அங்கே சாதுவாக இருப்பது இங்கே வில்லன். செடி கெட்டது இல்லை, இடம் மாறியதுதான் கேடு.

ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் வெளியிட்ட அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் ஆகாயத் தாமரையும் ஒரு கபோம்பா வகையும் இருக்கின்றன. அங்கே இவற்றை விற்கக் கூடாது. குளிர் நாடுகளுக்கே அந்தப் பயம் இருக்கிறது என்றால், வருடம் முழுக்க வெயில் அடிக்கும் தென் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

நம்ம ஊர்ச் செடி போதாதா?

'உள்ளூர்ச் செடி என்றால் அழகு இருக்காது' என்பது ஒரு எண்ணம். அது தப்பு. உலகம் முழுக்க மீன்தொட்டி ஆர்வலர்கள் ஏங்கும் சிவப்புச் செடிகளில் ஒன்று ரொட்டாலா மக்ராண்ட்ரா. அதன் சொந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதி. கிரிப்டோகோரைன் ஸ்பைரலிஸ் இந்தியச் செடி. லாகனேண்ட்ரா என்ற முழுப் பேரினமே தென்னிந்தியா, இலங்கையைச் சுற்றித்தான் அதிகம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வென்ட்டி இலங்கைக்கே உரியது.

இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். நெல் வயலில் களை என்று பிடுங்கி எறியும் நீர்மேல் நெருப்பு, நீர்க்கிராம்பு, ஆரைக்கீரை ஆகியவற்றின் சொந்தக்காரர்கள்தான் மீன்தொட்டிக் கடையில் அம்மானியா, லுட்விஜியா, மார்சிலியா என்ற பெயரில் காசு கொடுத்து வாங்கப்படுகிறார்கள். வரப்பில் மிதிபடும் செடியின் அக்கா தங்கச்சி கண்ணாடித் தொட்டியில் ராணி!

இதற்காக மேகமலை ஓடைகளில் இறங்கிச் செடி பறிக்கக் கிளம்பிவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். பண்ணையில் வளர்த்த அல்லது திசு வளர்ப்பு முறையில் வந்த செடிகளை வாங்கலாம். திசு வளர்ப்புச் செடியில் நத்தை முட்டை, பூச்சி தொல்லையும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளூர்ச் செடி என்பதற்காக அதையும் வாய்க்காலில் விடலாம் என்று அர்த்தம் இல்லை. கடையில் வாங்கிய செடியோடு வெளிநாட்டு நத்தையும் நோயும் சேர்ந்தே வரலாம். அதே சமயம், அமேசான் ஸ்வார்டும் அனுபியாஸும் வைத்திருப்பவர்கள் குற்றவாளிகள் என்பதும் இல்லை. மெதுவாக வளரும், மண்ணிலோ கட்டையிலோ ஒட்டி நிற்கும் செடிகளால் ஆபத்து குறைவு. பயப்பட வேண்டியது மிதக்கும் செடிகளையும், ஒரு துண்டு உடைந்தாலே புதுச் செடி ஆகும் வேகமான தண்டுச் செடிகளையும்தான்.

சரி, என்ன செய்யலாம்?

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆகாயத் தாமரை, சால்வினியா, கபோம்பா மூன்றையும் வாங்குவதில்லை என்று முடிவெடுக்கலாம். வெட்டிய தண்டுகளை மொறுமொறுப்பாகும்வரை வெயிலில் காயவைத்து, பிறகு உரக்குழியில் போடலாம். தேனி வெயிலுக்கு அது பெரிய வேலை இல்லை. மாற்றும் தண்ணீரை வடிகட்டி, கருவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்றலாம். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர் நல்ல உரம். தொட்டியையே கலைப்பதாக இருந்தால் செடியையும் மீனையும் கடைக்காரரிடமோ வேறு ஆர்வலரிடமோ கொடுக்கலாம். ஆற்றில் விடுவது புண்ணியம் இல்லை.

கடைகள் செய்ய வேண்டியதும் உண்டு. செடியின் சரியான பெயர், எந்த நாட்டுச் செடி, மென்மையான நீருக்கா கடின நீருக்கா, வாய்க்காலில் விடக் கூடாது என்ற வரி. இந்த நான்கையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஒட்டினால் போதும். சேராத செடியை விற்று வாடிக்கையாளரை இரண்டு மாதத்தில் இழப்பதைவிட அது லாபம். ஆகாயத் தாமரையை அள்ள வருடா வருடம் செலவழிக்கும் அரசுத் துறைகள், எந்தெந்தச் செடிகளை விற்கக் கூடாது என்று தமிழில் ஒரு எளிய பட்டியலைக் கடைகளின் சுவரில் ஒட்டவைக்கலாம். அள்ளும் செலவோடு ஒப்பிட்டால் அச்சடிக்கும் செலவு ஒன்றுமே இல்லை.

எந்தச் செடியோடு எந்தச் செடி சேரும் என்ற கேள்விக்குப் பதில் தொட்டிக்குள் மட்டும் இல்லை. இந்தச் செடி தொட்டியில் உள்ள மற்ற செடிகளோடு ஒத்துப்போகுமா? கை தவறி வெளியே போனால் ஆற்றோடு ஒத்துப்போகுமா? இரண்டுக்கும் 'ஆமாம்' வரும் செடியை வாங்கலாம். இரண்டாவதற்கு 'தெரியவில்லை' என்று வந்தால், வாங்காமல் விடுவதே நல்லது. லோயர் கேம்ப்பில் இறங்கும் தண்ணீரை நம்பிக் கீழே ஐந்து மாவட்டங்கள் காத்திருக்கின்றன.